முதல்ல ஓடட்டும்

சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள்
குடியாத்தத்தில் மூடிக்கிடந்த தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து
எஸ்டியை ஏற்றிவந்தோம்.
வண்டிக்கு எட்டாயிரம், லோடு ஆட்டோவுக்கு எண்ணூறு.
ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம்: வட ஆற்காடு.
அது இரண்டாய்ப் பிரிந்து, அதில் ஒன்று மூன்றாய்ப் பிரிந்து
பேரே போய்விட்டது.
வண்டி மட்டும் பிரியாமல் துருவில் ஒட்டிக்கிடந்தது.

ஷூ அட்டைப்பெட்டியின் பின்பக்கம்
என் திட்டம் வரைந்திருந்தேன்.
பின் மட்கார்டில் பாதி வேண்டாம்.
ஹேண்டில்பார் தாழ்வாக.
சீட்டு ஓராளுக்கு,
கம்பெனியில் கழித்துப்போட்ட தேன்நிறத் தோலில்
நானே தைப்பது, அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
ராணிப்பேட்டையில் பத்து வருடமாக
எந்த ஊர்க் கால்களுக்கோ தைக்கிறேன்.
நான் உட்கார ஒன்று தைத்தால் என்ன?

கிரைண்டரைக் கையில் எடுத்தேன்.
இம்தியாஸ் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.
"இன்னா ரெபெக்கா,
மூச்சு கீதான்னு பாக்காம
முடி வெட்டப் போறியா?
முதல்ல ஓடட்டும்."

காகிதப்பட்டறையில் அவன் லேத் கடை.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கு.

கிக்கர் அசையவே இல்லை.
பிளக் துளையில் டீசல் ஊற்றிக் காத்திருந்தோம்,
ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு.
மூன்றாவதில் பிஸ்டன் ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது.
அதற்கே இம்தியாஸ் பரோட்டா வாங்கித்தந்தான்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை,
கூழாங்கல் இருந்தது.
டேங்கில் இரண்டு கை அள்ளிப் போட்டு, வினிகர் ஊற்றி,
எதிர்க் கட்டடத்துக் கலவை மெஷினில் கட்டிச் சுற்றவிட்டோம்.
கொட்டினால் வெல்லப்பாகு போலத் துரு.
மேஸ்திரி டீக்காசு கேட்டார், கொடுத்தோம்,
"தங்கச்சி, இத பழைய இரும்புக்குப் போட்டுரு"
என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது,
ஆறு அறை, ஒவ்வொன்றும் கச்சிதம்.
என் தையல் கூட அத்தனை நேர் இல்லை.

எல்லாம் சரி, பொறி இல்லை.
தீப்பெட்டிக் கம்பெனியில் இத்தனை வருடம் கிடந்து
ஒரு பொறி கூட வாங்கிவரவில்லை.
பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தோம்.
"இடைவெளி பாக்க கேஜ் எங்கியோ போச்சு.
கல்யாணப் பத்திரிகை அட்டை கனம் இருந்தா போதும்,
எதனா கீதா?"
இருந்தது.
நடக்காத கல்யாணத்தின் பத்திரிகை
வீட்டில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.
ஒன்றை மடிக்காமல் நுழைத்தேன்.
இம்தியாஸ் பேரைப் படித்தான், எதுவும் கேட்கவில்லை,
ஸ்குரூவை இறுக்கினான்.
சரியாகப் பொருந்தியது.

பிளக்கின் நுனியில் நீலமாய் ஒன்று
சொடக்குப் போட்டது.

லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில்.
இருபது உதை. முப்பது உதை.
கணுக்கால் வீங்கி, சுரிதார் முழுக்கக் கரி.
முப்பத்தேழோ எட்டோ,
இருமியது.
இரட்டைச் சைலன்சரில் ஒன்று
குளவி மண்ணைச் சுவரில் துப்பியது,
இன்னொன்று தெருவையே புகையால் அழித்தது.
மாடி வீட்டு ஃபாத்திமா காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டே
எங்கள் இரண்டு வீட்டாரையும் வாழ்த்தினாள்.

எஸ்டியில் கிக்கரே கியர்.
உதைத்ததை மடக்கினால் அதுவே முதல் கியர்.
எனக்கு இது பிடித்திருந்தது,
எழுப்பிய கால் தான் ஓட்டவும் வேண்டும்.

விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலம்.
மூன்றாவது கியர் விழுந்தபோது
பின்னால் தகரம் அலறும் சத்தம்.
அதற்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன்.
அதற்கும் பின்னால் டி.வி.எஸ்.சில் இம்தியாஸ்
நடுரோட்டில் குனிந்து எதையோ பொறுக்கினான்.

பின் மட்கார்டு.
துரு தின்ற கோட்டில் தானாக முறிந்திருந்தது.
நான் அட்டையில் கோடு போட்ட இடத்திலிருந்து
நாலு விரல் தள்ளி.
வைத்துப் பார்த்தேன்.
அது முறிந்த இடம் தான் அழகு.

"நிறுத்து, கட்டிக்கினு போலாம்" என்றான்.
நான் நிறுத்தவில்லை.
நிறுத்தினால் மறுபடி எழுமா என்று பயம்.
ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடியே,
ஒரு கால் பாலத்தின் கட்டையில்,
சட்டைப்பையில் இருந்து சாக்பீஸ் எடுத்து
மிச்ச மட்கார்டில், முறிந்த ஓரத்தைத் தொட்டு,
அடுத்த கோட்டைப் போட ஆரம்பித்தேன்.
வண்டி நடுங்கியதில்
கோணலாக வந்தது.